ஆறாவது ஆளுக்கு அறுபத்து நாலு மார்க்

"ஃபெயில்னு போட்டிருக்காங்க, கோச்," என்றாள் ஜூனெல்.

லைல் ஜெலினெக் கையில் இருந்த சினமன் ரோலைத் தட்டில் வைத்தான். திங்கட்கிழமை மதியம் பள்ளியில் காரமான பீன்ஸ் சில்லிக் குழம்பும் இனிப்பான சினமன் ரோலும் போடுவார்கள். அவன் வாரம் முழுக்கக் காத்திருப்பது அந்த ஒரு வேளைக்குத்தான்.

"யாருக்கு ஃபெயில்?"

"டேபிதா குபிசெக்குக்கு."

"யார் போட்டது?"

"அவ டீச்சர்."

"டீச்சர் யாரு?"

"அவங்க அம்மா," என்றாள் ஜூனெல். அவள் பள்ளி அலுவலகத்தின் காரியதரிசி. இருபது வருடமாக எந்தக் கெட்ட செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்லி வருபவள்.

வில்லோ பெண்ட் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் வாலிபால் அணியில் பள்ளி திறந்தபோது ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தியின் பாதத்தைக் கன்றுக்குட்டி ஒன்று மிதித்துவிட்டது. மீதி ஆறு. அந்த ஆறில் ஐந்து பேர் பிரமாதமாக ஆடுவார்கள். ஆறாவது ஆள் டேபிதா. அவள் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. ஊருக்கு வெளியே, சோளக்காட்டு நடுவில் இருக்கும் தன் வீட்டில் அம்மாவிடம் படிக்கிறாள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் அரசுப் பள்ளி அணியில் ஆடலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் வந்தவள்.

டேபிதாவுக்குப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அவள் அடித்த சர்வ் இதுவரை ஒன்றுகூட வலையைத் தாண்டியதில்லை. ஆனால் நிற்பாள். நன்றாக, நேராக, சொன்ன மூலையில் நிற்பாள். களத்தில் ஆறு பேர் நின்றால்தான் நடுவர் விசில் ஊதுவார் என்பதால் லைலுக்கு அந்த நிற்றல் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை மாவட்டச் சுற்று ஆட்டம். ஆள் இல்லாமல் விட்டுக்கொடுத்தால் தோல்வி மட்டுமில்லை. இன்னொரு ஆட்டத்தை இப்படி விட்டால் அடுத்த வருடம் அணியைக் கலைத்து, பக்கத்து ஊர் ஆல்டர் ஸ்பிரிங்ஸோடு சேர்த்துவிடுவதாகப் பள்ளி வாரியம் தீர்மானமே போட்டு வைத்திருந்தது. அறுபது வருடமாக 'முயல்கள்' என்று பேர் வாங்கிய வில்லோ பெண்ட் பெண்கள், 'காளைகள்' என்று சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஆல்டர் ஸ்பிரிங்ஸின் கோச் டுவைட், லைலின் அக்கா புருஷன். குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "பந்துப் பையைத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேணும் மச்சான், வர்றியா?" என்று கேட்கக்கூடிய மனிதன். லைலுக்கு ராத்திரித் தூக்கம் போனது அதனால்தான்.

வாராவாரம் ஆசிரியர்கள் அனுப்பும் தகுதித் தாளில் ஃபெயில் என்று இருந்தால் அந்த வாரம் ஆட முடியாது. ஆட்ட நாள் நாலு மணிக்குள் அதில் மார்க்கைத் திருத்த இடம் உண்டு. லைல் போனை எடுத்து டேபிதாவின் அம்மாவைக் கூப்பிட்டான்.

"லோரீன், நான் லைல் பேசறேன்."

"தெரியும். தாள் வந்துச்சா?"

"வந்துச்சு. அதுல ஒரு சின்னத் தப்பு இருக்கு."

"தப்பு இல்ல. அல்ஜீப்ரா. நூத்துக்கு அறுபத்து நாலு. எழுபது வேணும்."

"ஆறு மார்க்குதானே."

"ஆறு மார்க்குதான். அவ எடுக்கல."

"நீதானே டீச்சர். நீயே போட்டுக்கலாமே."

தான் எதை மிதித்துவிட்டோம் என்பது லைலுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வருடம் முன்னால், வீட்டுப் பிள்ளைகளை அணியில் சேர்க்கலாமா என்று வாரியக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது பள்ளி முதல்வர் ஹோல்ம்குவிஸ்ட் எழுந்து, "அம்மாக்கள் அடுக்களையில் குக்கி கொடுப்பது போல மார்க் கொடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. லோரீன் சிரிக்கவில்லை. என் வீட்டிலிருந்து தகுதி இல்லாத ஒரு மார்க் வெளியே வந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"லைல்," என்றாள் லோரீன். "பத்தாங்கிளாஸ்ல அல்ஜீப்ரா எப்படிப் பாஸ் பண்ண?"

"அது வந்து..."

"என் பேப்பரைப் பாத்து எழுதிப் பாஸ் பண்ண. அன்னிக்கே நான் கையை வச்சு மறைச்சிருக்கணும். இன்னிக்கு மறைக்கிறேன். வை போனை."

சாயந்திரம் லைல் நேரிலேயே போனான். குபிசெக் வீட்டு அடுக்களைதான் பள்ளிக்கூடம். குளிர்பெட்டிக் கதவில் கால அட்டவணை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, சட்டப்படி பதிவு செய்த பள்ளியின் பெயர்: வடக்கு வயல் அகாடமி. மொத்த மாணவர்கள் மூன்று. டேபிதாவின் தங்கைகள் இருவரும் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பூகோளம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுதேர்வு வைக்கலாம்னு என் பள்ளி விதியில இருக்கு," என்றாள் லோரீன். "நாளைக்குக் காலையில. ஆனா நான் சலுகை காட்ட மாட்டேன்."

"சலுகை யாரு கேட்டா? நானே அவளுக்குச் சொல்லித் தர்றேன்."

"நீயா?"

"நானும் டீச்சர்தான்."

"நீ வெல்டிங் டீச்சர்."

"வெல்டிங்லயும் கணக்கு உண்டு," என்றான் லைல். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்த நேரத்தில் அவன் செய்த காரியம் எதுவும் அதுவரை உருப்பட்டதில்லை.

அன்று ராத்திரிப் பயிற்சி முடிந்ததும் டேபிதாவை உட்கார வைத்துப் புத்தகத்தைப் பிரித்தான். முதல் கணக்கு: ஒரு சோளக் களஞ்சியத்தை ஒரு லாரி நாலு மணி நேரத்தில் காலி செய்யும், இன்னொரு லாரி ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்?

"ரெண்டாவது லாரியை ஓட்டறது யாரு?" என்று கேட்டான் லைல்.

"போடல, கோச்."

"அது முக்கியம். ஆறு மணி நேரம் ஆகுதுன்னா அவன் நடுவுல சாப்பிடப் போறான்னு அர்த்தம். சுமாரா மூணு மணி நேரம்னு வச்சுக்க."

"சுமாரான்னு எழுதலாமா?"

"விவசாயத்துல எல்லாம் சுமாராத்தான்."

மறுநாள் மதியம் லோரீன் போன் செய்தாள்.

"ஐம்பத்தி ஒண்ணு," என்றாள்.

"என்னது?"

"முன்னாடி அறுபத்து நாலு. நீ சொல்லிக் கொடுத்தப்புறம் ஐம்பத்தி ஒண்ணு. ஏழாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'சுமார் மூணு மணி நேரம், ஓட்டுறவர் சாப்பிடப் போகலேன்னா.' இது உன் பதில்தானே?"

லைல் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"விடை ரெண்டு மணி இருபத்து நாலு நிமிஷம். எங்க வீட்டு லாரி டிரைவர் சாப்பிட மாட்டார்," என்று சொல்லி லோரீன் போனை வைத்தாள்.

புதன்கிழமை காலை லைலுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வீட்டுப் பள்ளிக்கும் பதிவுத் தாளில் ஒரு தலைமையாசிரியர் பேர் இருக்க வேண்டும். வடக்கு வயல் அகாடமியின் தலைமையாசிரியர், லோரீனின் புருஷன் வெர்லின் குபிசெக்.

தலைமையாசிரியர் அப்போது சோளம் அறுத்துக்கொண்டிருந்தார். லைல் வரப்போரம் வண்டியை நிறுத்திவிட்டு, அறுவடை இயந்திரத்தின் ஏணியில் ஏறி, கண்ணாடி அறைக்குள் வெர்லின் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தான்.

"நீ தலைமையாசிரியர், வெர்லின்."

"காகிதத்துல."

"தலைமையாசிரியர் டீச்சருக்கு உத்தரவு போடலாம்."

"உன் ஸ்கூல்ல போடுவாங்களா இருக்கும். என் ஸ்கூல்ல டீச்சர்தான் சமைக்கிறா."

"நம்ம முயல்கள் போகப்போகுது. உங்க அக்கா ஆடின டீம். அத்தை ஆடின டீம். நாளைக்கு டேபிதா மாட்டுத் தலை போட்ட சட்டையை மாட்டிக்கணுமா?"

வெர்லின் பத்து வரிசை சோளம் அறுத்தான். மாட்டுத் தலை அவனைத் தொட்டுவிட்டது. "மத்தியானம் சாப்பிடப் போறப்ப சொல்லிப் பாக்கறேன்," என்றான்.

மத்தியானம் அவன் தொப்பியைக் கழற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். "தலைமையாசிரியர்ங்கற முறையில நான் என்ன சொல்றேன்னா," என்று ஆரம்பித்தான். லைல் வாசலில் வண்டிக்குள் இருந்தான். உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்குக் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து வெர்லின் வெறும் ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டே வெளியே வந்தான்.

"என்ன ஆச்சு?"

"ராஜினாமா பண்ணிட்டா."

"எதை?"

"வேலையை. எழுத்துல கொடுத்துட்டா. அல்ஜீப்ரா, வரலாறு, இலக்கணம், பாட்டு எல்லாத்துலேர்ந்தும் விலகிக்கறாளாம். மத்தியானச் சாப்பாடும் வீட்டு அறிவியல் பாடத்துல வருதாம். அதுலேர்ந்தும்."

லைல் நேராகப் பள்ளிக்குப் போய் ஜூனெலிடம் விஷயத்தைச் சொன்னான். ஜூனெல் விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினாள்.

"டீச்சர் இல்லாத வீட்டுப் பள்ளி பள்ளியே இல்ல, கோச். பொண்ணு நம்ம ஸ்கூல்ல சேர்ந்துதான் ஆகணும்."

"நல்லதாப் போச்சு. சேர்த்துக்க."

"சேர்த்துக்கலாம். நடுவுல பள்ளி மாறின பொண்ணு தொண்ணூறு நாள் ஆடக் கூடாது."

லைல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"திங்கட்கிழமை அவ ஆறு மார்க் கம்மியான பொண்ணு," என்றாள் ஜூனெல். "இப்ப ஸ்கூலே இல்லாத பொண்ணு. நீங்க இன்னொரு தடவை உதவி பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

அவன் மறுபடி குபிசெக் வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் டேபிதா உட்கார்ந்திருந்தாள்.

"கோச், எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா?"

"சொல்லும்மா."

"எனக்கு எதுவும் சொல்லித் தராதீங்க."

"சரி."

"எனக்கு ஆட வராதுன்னு தெரியும்," என்றாள் அவள். "நிக்கறதுக்குத்தான் கூப்பிடறீங்கன்னும் தெரியும். பரவாயில்ல. எங்க கிளாஸ்ல முதல் ரேங்க்கும் நான்தான், கடைசி ரேங்க்கும் நான்தான். யாரோட சண்டை போடறது, யாரோட சிரிக்கிறது? பஸ்ல போறப்ப அந்த அஞ்சு பேரும் என் முடியைப் பிடிச்சு இழுத்து அசிங்க அசிங்கமா பாட்டுப் பாடுவாங்க. அது எனக்கு வேணும், கோச்."

லைலுக்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாக அவளை ஓர் எண்ணாக மட்டும் நினைத்து ஓடிக்கொண்டிருந்தது அவனுக்கே கேவலமாகப் பட்டது. அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

லோரீன் மேஜையில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"நான் பண்ணினது தப்பு," என்றான் லைல். "மார்க்கை நீ மாத்த வேணாம். டீச்சரா மட்டும் திரும்பி வா. அவ இன்னொரு தடவை எழுதட்டும். ஃபெயிலானா ஃபெயில். நான் டுவைட்டோட பந்துப் பையைத் தூக்கறேன்."

லோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. உன்னைப் பத்திப் பத்தாங்கிளாஸ்லயே தெரியும். அந்த ஹோல்ம்குவிஸ்ட் சொன்ன குக்கி வார்த்தைக்கு அவர் எழுத்துல மன்னிப்புக் கேக்கட்டும். அன்னிக்கு வர்றேன்."

"அன்னிக்கின்னா இன்னிக்கே வேணும்."

"அப்ப இன்னிக்கே கேக்கட்டும்."

முதல்வர் ஹோல்ம்குவிஸ்ட் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவரில்லை. ஒரு தடவை பள்ளிப் பேருந்தைத் தேவாலயச் சுவரில் இடித்துவிட்டு, சுவர் சாலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதாகப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதியவர்.

"மன்னிப்பா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை," என்றார்.

"சார், ஒரு வரி போதும்."

"ஒரு வரியும் முடியாது."

"அப்ப முயல்கள் போயிடும் சார். நீங்க முதல்வரா இருந்த காலத்துல போச்சுன்னு கல்வெட்டுல எழுதுவாங்க."

ஹோல்ம்குவிஸ்ட் ஜன்னலருகே போய் நின்றார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, மன்னிப்பு என்ற சொல்லே வராமல் ஒரு சுற்றறிக்கை எழுதினார். ஒரு தாய் தன் சொந்த மகளிடம் காட்டிய கண்டிப்பை வியந்து பாராட்டுவதாகவும், வீட்டுப் பள்ளிக்கும் நமது பள்ளிக்கும் இந்த வாரம் முதல் ஒரே அளவுகோல்தான் என்றும், தமக்கு எப்போதுமே அந்தக் கருத்துத்தான் என்றும் அதில் இருந்தது. எழுதி முடித்ததும் அவருக்கே அது பிடித்துப் போய்விட்டது. இரண்டு தடவை உரக்கப் படித்தார். எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். லைல் மை காய்வதற்குள் ஒரு பிரதியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

லோரீன் அதை நின்றுகொண்டே படித்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்து, ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி போட்டாள். இன்னோரிடத்தில் ஒரு எழுத்துப் பிழையைச் சுழித்தாள்.

"மன்னிப்புன்னு எங்கயும் இல்லையே."

"அவரால முடிஞ்சது அவ்வளவுதான்."

"எழுபது மார்க் போடலாம்," என்றாள் லோரீன். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நாளைக் காலையில ஒன்பது மணிக்குத் தேர்வு. இதுதான் கடைசி. வெர்லின், நீ போய்ச் சோளத்தைப் பாரு. லைல், நீயும் எங்கயாவது போ."

வியாழன் காலை லைல் குபிசெக் வீட்டு வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவன் வகுப்பில் யார் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. ஜன்னல் வழியே டேபிதாவின் குனிந்த தலையும், எதிரே கையைக் கட்டி உட்கார்ந்திருந்த லோரீனும் தெரிந்தார்கள். இரண்டு மணி நேரம் இருவரும் அசையவில்லை. பிறகு லோரீன் பென்சிலோடு தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வெளியே வந்தபோது லைல் படியேறி வந்துவிட்டிருந்தான்.

"எழுபத்தி மூணு," என்றாள். "மூணு தடவை கூட்டிட்டேன். எழுபத்தி மூணுதான்."

டேபிதா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். லோரீன் தன் டீச்சர் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மகளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, அவள் உச்சந்தலையில் முகம் வைத்து, "என் கண்ணு, நீயா போட்ட கணக்கு, நீயா போட்ட கணக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லைல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு, இரண்டு மணிக்கெல்லாம் ஜூனெலின் மேஜையில் வைத்தான்.

சாயந்திரம் விளையாட்டு அரங்கம் நிரம்பியிருந்தது. வாசலில் பெற்றோர் சங்கத்தார் சில்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கொண்ட பள்ளி வாத்தியக் குழு, எட்டுப் பேர் சத்தத்தில் ஊதிக்கொண்டிருந்தது. எதிரணி ஆல்டர் ஸ்பிரிங்ஸேதான். டுவைட் ஆடி அசைந்து வந்து லைலின் தோளில் தட்டினான்.

"நீ வெறும் கையோட வருவேன்னு நினைச்சேன் மச்சான். ஆறு பேர் தேத்திட்டியாமே?"

"தேத்திட்டேன்."

"அந்த வீட்டுப் பொண்ணுமா?"

"அந்தப் பொண்ணேதான். உன் டீம்ல யாருக்காவது ரெண்டு லாரிக் கணக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும்."

டுவைட்டுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுத் தன் பக்கம் போனான். மூன்றாவது வரிசையில் லோரீனும், தலை வாரிய வெர்லினும், மேஜைக்குக் கீழே படிக்கும் இரண்டு தங்கைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஹோல்ம்குவிஸ்ட், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, லோரீனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

களத்தில் டேபிதா மட்டும் சர்வ் பழகிப் பார்க்கப் பந்தோடு நின்றிருந்தாள். பந்தைத் தூக்கிப் போட்டாள். அடித்தாள். பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள் என்று லைல் சத்தியம் செய்வான். மற்ற ஐந்து பேரும் உடை மாற்றும் அறையிலிருந்து இன்னும் வரவில்லை. ஒருத்திக்கொருத்தி தலை பின்னிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக ஜூனெல் கையில் ஒரு காகிதத்தோடு, அதே முகத்தோடு வந்து லைலின் காதருகே குனிந்தாள்.

"முதல்வர் அனுப்பின சுத்தறிக்கையைப் பாத்துட்டு நம்ம டீச்சருங்க எப்பவும் போல சும்மா பாஸ் போடாம, இந்த வாரம் நாலு மணிக்குள்ள நெசமாவே மார்க்கைத் திருத்தி அனுப்பிட்டாங்க, கோச். ஆடத் தகுதி இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான்."